அடைப்பது யார்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஓட்டை அக்கா என்று பெயர். வைத்தவன் கரண்ட் வேலைக்குப் படம் போடுகிற ஒருவன், சரியான வாயாடி. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. செய்கிற வேலை அதுதானே. ஒரு கட்டிடத்தில் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கேபிள், ஏசி குழாய் எல்லாம் மாடி விட்டு மாடி போயாக வேண்டும். போகிற வழியெல்லாம் கான்கிரீட் தளத்தில் ஓட்டை வேண்டும். எந்த ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிசு என்று கம்ப்யூட்டரில் குறித்துக் கொடுப்பதுதான் இவள் பிழைப்பு. காலையில் உள்ளே நுழைந்தால், "என்னக்கா, இன்னிக்கு எத்தனை ஓட்டை?" என்பான் வாயாடி. "உன் வாயையும் சேத்தா, சேக்காமலா?" என்பாள் இவள். அதற்கப்புறம்தான் பையைக் கீழே வைப்பாள்.

கல்யாணம் ஆகவில்லை. அம்மா அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, அவள் பிள்ளைகளையும் மடியில் போட்டு வளர்த்தாள். அந்த இரண்டும் இவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவதில்லை, பெரிம்மா என்று ஒரே மூச்சில் கத்தும். தங்கை குடும்பம் தவிர அவளுக்கு வேறு உலகம் கிடையாது. அலுவலகம் உண்டே என்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முன்பெல்லாம் இந்தத் தொழில் எப்படி நடந்தது தெரியுமா? தளம் போட்டு, காய்ந்து, எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு குழாய்க்காரர் வருவார். சுற்றும் முற்றும் பார்ப்பார். தனக்கு எங்கே தோதுப்படுகிறதோ அங்கே மெஷினை வைத்து உடைப்பார். உள்ளே கம்பி குறுக்கிட்டால் கம்பியையும் அறுப்பார். அவர் போனதும் கரண்ட்காரர் வந்து தன் பங்குக்குக் குடைவார். காசு கொட்டிக் கட்டியதைக் காசு கொடுத்து ஆள் வைத்து இடிப்பது, அதற்குப் பெயர் கட்டுமானம். இவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இப்படிக் கம்பி அறுபட்டு ஒரு மாடிப்படி தொங்கிப்போனதைப் போய்ப் பார்த்தாள். யாரும் சாகவில்லை. ஆனால் அந்தப் படியின் கீழே ஒருவருடைய சாப்பாட்டுப் பை நசுங்கிக் கிடந்தது. இரண்டு நாள் இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு மாடல் வந்தது. அதாவது, மண்ணில் கட்டுவதற்கு முன்னால் சுவர், தளம், குழாய், கேபிள் எல்லாவற்றோடும் கட்டிடம் முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்த்துவிடுவது. எல்லாரும் அதைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டி வாடிக்கையாளரை வாய் பிளக்க வைத்துக்கொண்டிருந்தபோது, ஓட்டை அக்கா வேறொன்றை யோசித்தாள். குழாய் எங்கே தளத்தைக் கடக்கிறது என்று மாடலுக்குத்தான் தெரியுமே, அப்படியானால் ஓட்டையை அதுவே போட்டுக்கொள்ளட்டுமே. உட்கார்ந்து, தடுமாறி, திட்டிக்கொண்டு, ஒரு சின்ன டூல், அதாவது மாடலுக்குள் ஓடுகிற ஒரு குட்டி புரோகிராம், எழுதினாள். அதை ஓடவிட்டால் கட்டிடம் முழுக்க எங்கெங்கே ஓட்டை வேண்டுமோ அங்கெல்லாம் வட்டமாக வந்து உட்காரும். அந்தந்த இடத்தில் முதலிலேயே ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைத்துவிட்டுக் கான்கிரீட் கொட்டினால் போதும். உடைப்பும் கிடையாது, அறுப்பும் கிடையாது.

முதலில் அதை ஓட்டியது ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிடத்துக்கு. அப்போது அவளுக்கு இன்னொரு யோசனையும் வந்தது. குழாய் போன பிறகு அதைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி இருக்கும். அதை நெருப்புத் தாங்குகிற பசையால் அடைத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் கீழே ஒரு குப்பைக் கூடை எரிந்தாலும் புகை ஓட்டை ஓட்டையாக ஏறி மேல்மாடிக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொரு ஓட்டைக்கும் 'அடைப்பது யார்' என்று ஒரு கட்டம் வைத்தாள். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் அடைப்பதற்கென்றே தனியாக ஒரு கம்பெனியை அமர்த்தியிருந்தார்கள். ஆகவே எல்லா ஓட்டைக்கும் 'மற்றவர்' என்று நிரப்பி, அப்படியே சேமித்து வைத்தாள். அங்கே அது உண்மை. அந்தக் கம்பெனி ஆட்கள் வந்து ஒரு ஓட்டை விடாமல் அடைத்துவிட்டுத்தான் போனார்கள்.

இந்தத் தொழிலில் புதுமை எப்படிப் பரவுகிறது என்று மேடை போட்டு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பேசட்டும். நான் பார்த்தவரைக்கும் அது பரவுவது சம்பளம் பத்தாமல் வேலை மாறுகிறவனின் பென் டிரைவில்தான். வாயாடி வேறு கம்பெனிக்குப் போனான். போகும்போது அக்காவின் டூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அங்கேயிருந்து ஒருவன் இன்னொரு இடத்துக்கு எடுத்துப் போனான். குழாய்க் காண்ட்ராக்டருக்கு மெயிலில் போயிற்று. அவர் வழியாக வேறு ஊருக்குப் போயிற்று, கடல் தாண்டியும் போயிற்று. ஒரு வாரம் பிடித்த வேலை காபி குடிக்கிற நேரத்தில் முடிந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? எங்கிருந்தோ முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, "மேடம், உங்க டூல் எங்க குலசாமி மாதிரி" என்றார். அக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. பெருமையாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். தளங்கள் உடைபடாமல் நின்றன, கம்பிகள் அறுபடாமல் கிடந்தன. அதெல்லாம் நிஜமான நன்மை, அதைக் கரித்துக்கொட்ட நான் வரவில்லை.

ஆனால் அந்தக் கட்டத்தை ஒரு ஆள் தொடவில்லை. ஓடுகிற டூலில் கை வைத்துக் கெடுத்துக்கொள்ளாதே என்பது கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அதுதான். ஆஸ்பத்திரியில் உண்மையாக இருந்த 'மற்றவர்', அடுக்குமாடிக்கும் ஹோட்டலுக்கும் ஹாஸ்டலுக்கும் அப்படியே போயிற்று. அங்கெல்லாம் தனிக் கம்பெனி எதுவும் கிடையாது. குழாய்க்காரர் படத்தைப் பார்த்தார், மற்றவர் என்றிருந்தது, சரி நான் இல்லை என்று நடையைக் கட்டினார். கரண்ட்காரரும் அப்படியே. கொத்தனார் எட்டியே பார்க்கவில்லை. கடைசியாகப் பொய்க்கூரை போடுகிறவர் வந்து எல்லாவற்றையும் வெள்ளைப் பலகையால் மூடிவிட்டுப் போனார். மேலே பார்த்தால் அழகாக இருந்தது.

இது எதுவும் அக்காவுக்குத் தெரியாது. தங்கை வீடு வாங்க அலைந்தபோது ஒன்பதாவது மாடியில் ஒரு வீட்டைக் காட்டி, "இத கண்ண மூடிக்கிட்டு வாங்கு. மாடல் போட்டுக் கட்டின கட்டிடம். வாயாடி கம்பெனிதான் பண்ணாங்க" என்று சொன்னதே இவள்தான்.

அப்புறம் வேறொரு ஊரில் தீப்பிடித்தது. தீ என்று சொன்னால் பெரிதாக நினைப்பீர்கள். கீழ்த்தளத்தில் மீட்டர் அறையில் பற்றியது, வண்டி வந்து உடனே அணைத்துவிட்டார்கள். பக்கத்து அறைக் கதவுகூடக் கருகவில்லை. செத்தவர்கள் எல்லாம் மேல்மாடிக்காரர்கள். போர்வையில் ஒரு பொட்டுக் கரி இல்லாமல் படுத்த படுக்கையில் கிடந்தார்கள். பேப்பரில் படம் போட்டிருந்தான். பிய்த்துப்போட்ட பொய்க்கூரைக்கு மேலே வரிசையாக, வட்டமாக ஓட்டைகள். ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் அதே இரண்டு விரல் இடைவெளி. தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா? வாயாடிக்குப் போன் போட்டாள்.

"அந்த வேலை உங்களுதாடா?"

"இல்லக்கா. ஆனா டூல் நம்ம டூல்தான். எங்ககிட்ட இருந்து போன ஒருத்தன் அங்க இருக்கான்."

"அடைப்பது யார்ங்கிற கட்டத்துல நீங்கல்லாம் என்ன போடுறீங்க?"

"எந்தக் கட்டம்?" என்றான் அவன்.

"என் தங்கச்சி வீடுடா," என்றாள் அக்கா. "அங்க அடைச்சாங்களா?"

வாயாடிக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாய் அடைத்துப்போயிற்று. பிறகு மெதுவாக, "படத்துல மற்றவர்னு இருந்துச்சுக்கா. யாராவது அடைச்சிருப்பாங்க," என்றான்.

அன்று சாயங்காலமே அக்கா தங்கை வீட்டுக்குப் போனாள். கோணிய வாயைச் சிரிப்பாக்கிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறிப் பொய்க்கூரைப் பலகை ஒன்றைத் தூக்கினாள். தலைக்கு மேலே பத்தாவது மாடியின் தளம். டார்ச் அடித்தாள். குழாயைச் சுற்றிக் கறுப்பாக இடைவெளி. வெளிச்சம் அதன் வழியே மேலே போய் மேல்வீட்டின் எதிலோ பட்டது. இவர்கள் தரையில் இருக்கிற ஓட்டைகளைப் பார்க்க வேண்டுமென்றால் கீழ்வீட்டுக்காரரின் கூரையைத்தான் பிரிக்க வேண்டும். ஆனால் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. வாஷ்பேசின் மூலையில் கீழ்வீட்டில் வெங்காயம் வதங்குகிற வாசம் வந்துகொண்டிருந்தது.

"எப்பவும் இப்பிடித்தான்க்கா," என்று தங்கை சிரித்தாள். "அவங்க வீட்ல என்ன சமையல்னு அவங்க வீட்டுக்காரருக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிரும்."

அக்கா இறங்கி ஸ்டூல் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாசம் வருகிற வழியில் புகை வராதா? அந்த நேரத்தில் தங்கையின் சின்னது உள்ளே ஓடிவந்து இவள் தோளில் தொங்கிற்று. அதன் மூச்சு இவள் கழுத்தில் பட்டது. இந்த மூச்சு நின்றுவிட்டால் என்று நினைத்தாள். நினைத்தவுடன் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மறுநாள் முதலாளியிடம் போனாள். டூலை எடுத்தவர்கள், அவர்களிடமிருந்து எடுத்தவர்கள், எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லி எழுதிவிடலாம் என்றாள். முதலாளி கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு இவளை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"அந்த ஊர் விஷயம் கோர்ட்டுக்குப் போயிருக்கு. நீ ஒரு வரி எழுதினாலும், அடடே நீங்கதானா அதுன்னு நம்மளத்தான் முதல்ல பிடிப்பாங்க. இங்க வேலை செய்யிறவங்க எல்லாரும் தெருவுக்கு வந்துருவாங்க. டூலைத் திருத்தணுமா, தாராளமா திருத்து. பேசாம திருத்து."

திருத்தினாள். புதிய டூலில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். யார் அடைப்பது என்று ஒவ்வொரு ஓட்டைக்கும் ஆள் பெயரைச் சொன்னால்தான் மேற்கொண்டு நகரும், இல்லாவிட்டால் நின்றுவிடும். அழகாகச் செய்து, பழையது போன வழியிலேயே அனுப்பிவைத்தாள். பழையது எப்படிக் காட்டுத்தீயாய்ப் பரவிற்றோ, அப்படியே இதுவும் பரவும் என்று நம்பினாள். பாவம். பழையது பரவியது நல்லது என்பதற்காக இல்லை, சுலபம் என்பதற்காக. இது அங்கங்கே நின்று கேள்வி கேட்டது. கேள்வி கேட்கிற டூல் யாருக்கு வேண்டும்? "மேடம், புதுசு தொல்லை பண்ணுது, பழசே அனுப்புங்க" என்று போன் வந்தது. குலசாமி என்று சொன்ன அதே ஆள். வாயாடியே, "அக்கா, எங்க பசங்க பழசுக்கே போயிட்டானுங்க. கோச்சுக்காத," என்றான். உலகத்துக்கே ஓட்டை போடக் கற்றுக்கொடுத்தவள் அதை அடைக்கச் சொல்லித்தர வக்கில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

தங்கையிடம் சொல்லித்தானே ஆகவேண்டும். சொன்னாள். தங்கை முதலில் நம்பவில்லை, பிறகு அழுதாள், பிறகு பிள்ளைகள் தூங்குகிற அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர், அதிகம் பேசாதவர். தங்கள் வீட்டை மட்டும் அடைத்தால் போதாது, மற்ற வீடுகளின் ஓட்டை வழியே ஏறுகிற புகை மாடிப்படியில் நிறைந்து வாசல் வழியாக வந்துவிடும் என்று அக்கா சொல்ல, அவர் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போய்க் கேட்டார். எல்லா வீட்டுக் கூரையையும் பிரிக்க எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும், பத்துப் பேர் ஒத்துக்கொண்டால் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள், அதற்குள் விஷயம் வெளியே போனால் இங்கே ஒரு நாய் கூட வாடகைக்கு வராது என்று செயலாளர் சொல்லிவிட்டார். "நீங்களும் வாய மூடிக்கிட்டு இருந்தா நல்லது" என்றும் சொன்னாராம்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை. "வித்துட்டுப் போயிடலாம்," என்றார்.

"விக்கிறதுன்னா, வாங்குறவங்ககிட்ட சொல்லணுமே மாப்பிள்ளை," என்றாள் அக்கா.

"சொன்னா யாரு வாங்குவாங்கக்கா?"

"அப்போ சொல்லாம வித்தா, அவங்க என்ன ஆவாங்க?"

"அப்போ எம்புள்ளைங்க என்ன ஆவாங்க?" அவர் குரல் உயரவில்லை. "இந்த வீட்டை விட்டா எனக்கு வேற நாதி இருக்கா, நீங்களே சொல்லுங்க. கண்ண மூடிக்கிட்டு வாங்குன்னு நீங்கதானே சொன்னீங்க. இப்ப கண்ணைத் திறந்து விட்டுட்டு, விக்கவும் கூடாதுன்னா நான் எங்க போவேன்?"

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அக்காவால் முடியவில்லை. தங்கைதான் எழுந்துவந்து இவள் கையைப் பிடித்தாள். "அக்கா, உன்னை ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ பொய் சொல்ல வேணாம். வித்து முடியிற வரைக்கும் எதுவும் பேசாம இரு. அது போதும். எம்புள்ளைங்கள எடுத்துக்கிட்டு நான் கீழ இறங்கிடறேன்."

பேசாமல் இருக்கிறேன் என்று அக்கா தலையாட்டினாள். பேசாமல் இருப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

வீடு பார்க்கச் சிலர் வந்தார்கள், போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைகளுக்குத் துணையாக அங்கே இருந்தபோது, ஒரு பெண் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தையல் கடை வைத்திருக்கிறவள், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. கணவர் வெளியூரில் வேலை. அப்பாவுக்கு நடை தள்ளாட்டம், நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கியது. அறை அறையாகப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து மூடினாள், குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைக் கையில் பிடித்துப் பார்த்தாள். பெரியவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, காற்று நல்லா வருதும்மா என்றார். அக்கா சின்னதுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. பின்னி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் பின்னினாள்.

அந்தப் பெண் நேரே இவளிடம் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, நீங்க கட்டிட வேலையில இருக்கிறவங்களாமே. இவங்க சொன்னாங்க. எங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. பெயின்ட்டப் பாத்துட்டு வாங்கி ஏமாந்தவங்க நிறையப் பேரு. நீங்களே சொல்லுங்க, இது நல்ல வீடுதானே?"

மாப்பிள்ளை கையிலிருந்த சாவிக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை சமையலறை வாசலில் நின்றாள், அவள் கண் மட்டும் இவள் முகத்தில் இருந்தது. பேசாமல் இருக்க இப்போது வழியில்லை. வாயைத் திறக்காவிட்டால் அதுவே ஒரு பதில். அக்காவுக்கு எல்லாம் தெரியும். உண்மையைச் சொன்னால் இவர்கள் எழுந்து போவார்கள், விஷயம் கட்டிடம் முழுக்கப் பரவும், இனி யாரும் வரமாட்டார்கள். கைக்குள் இருக்கிற இந்த ஜடை தினமும் இங்கேயேதான் படுத்துத் தூங்கும். அந்தப் பெரியவரை அவள் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று வீம்பாக இருந்தாள். நான் யாரையும் தூக்கிப் பேசவும் இல்லை, தாழ்த்திப் பேசவும் இல்லை. என்ன நடந்ததோ அதைச் சொல்கிறேன்.

"நல்ல வீடுதாம்மா," என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. "அப்பா, கேட்டீங்களா," என்று திரும்பிக் குரல் கொடுத்தாள். பிறகு இவளிடம், "இன்னொரு வீடும் பாத்து வெச்சிருந்தோம்க்கா. பழைய கட்டிடம், முதல் மாடி. அப்பாவுக்கு அதுதான் புடிச்சிருந்துச்சு, ஏறி இறங்க லேசுன்னாரு. நான்தான் முடிவு பண்ண முடியாம கிடந்தேன். இப்ப நீங்களே சொல்லிட்டீங்க, இனி அவங்கள வேணாம்னு சொல்லிடறேன்," என்றாள். சொன்ன கையோடு போனை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்காரரைக் கூப்பிடப் பால்கனிக்குப் போனாள்.

பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து, நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, அக்கா இருந்த இடத்துக்கு வந்துசேர்ந்தார். குனிந்து அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கணும்மா நீ," என்றார். மேலே பேச அவருக்கு மூச்சு வரவில்லை. அது திரும்பி வருகிறவரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.